ஸ்ரான்போர்ட்டின் ரெனிஸ் ஆசான்

ஓர்ஸ் ஹில் என்று ஆங்கிலேயர் பெயரிட்டதும் உவர்மலை என்று நம்மவர் வழங்குவதுமாகிய மேட்டிலே நின்று திருகோணமலைத் துறைமுகத்தை நோக்குவோர்க்குப் பிரித்தானியக் கடற்படை இங்கு நிலைகொண்டிருந்த காலம் நினைவுக்கு வராமற் போகாது. 1957ஆம் ஆண்டில் அக்கடற்படை விடைபெற்றுச் சென்றது. ஆங்கிலேயரோடு இத்தீவுக்கு வந்த விளையாட்டுக்களுள் காற்பந்தாட்டமும் கிரிக்கெற்றும் பாடசாலை மைதானங்களிலே வேரூன்றி நம்முடையனவாகிவிட்டன. ரெனிஸ் ஆட்டம் மாத்திரம் துரைமார் கழகங்களின் வேலிக்குள்ளேயே நெடுங்காலம் நின்றது. இதற்குக் காரணம் காண்டல் அரிதன்று. 78 அடி நீளமும் 36 அடி அகலமும் கொண்ட ஆடுகளம் ஒன்றிற் கூடியது நால்வரே ஆடலாம். அதே நிலத்தில் ஒரு வகுப்பு மாணவர் கூடிக் கிளித்தட்டு மறிக்கலாம். அதற்கு மட்டையும் வேண்டா, வலையும் வேண்டா. ஆகவே, உயர்கல்விக் கூடம் ஒன்று ரெனிஸ் ஆட்டத்தைத் தன் கல்வியின் ஒரு கூறாகக் கொள்ளுதலும், அதனைக் கற்பித்தற்கென ஓர் ஆசிரியரை முப்பத்தெட்டு ஆண்டுகள் வைத்திருத்தலும் நம்மவர்க்குப் புதுமையாகவே தோன்றும்.

அத்தகைய ஆசிரியர் ஒருவர் அமெரிக்காவிலே பணிபுரிந்தார். கலிபோர்னியா மாநிலத்து ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் 2004 வரை ஆடவர் ரெனிஸ் அணியின் தலைமைப் பயிற்றுநராய் விளங்கிய டிக் கூல்ட் என்பாரே அவர். அவர் காலத்தில் அப்பல்கலைக்கழகம் 17 முறை தேசியக் கல்லூரி அணிப் பட்டத்தை வென்றது. அவருடைய மாணவர் பதின்மர் தேசிய ஒற்றையர் பட்டம் பெற்றனர். பல்கலைக்கழகங்கள் இரண்டு நேர்நின்று மோதும் போட்டிகளில் அவரது அணி 776இல் வென்று 148இல் மட்டுமே தோற்றது. இவ்வெண்கள் வியப்பூட்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்களை வியந்து நின்றுவிட்டால், அவர் செய்த தொழில் யாது, அதன் அருமை எங்கே இருக்கின்றது என்பன விளங்காமற் போய்விடும். அவற்றை அறிதற்குக் கல்லூரி ரெனிஸ் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

விம்பிள்டன் போட்டி இங்கிலாந்திலே 1877இல் தொடங்கிற்று. அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1883இலேயே, அமெரிக்கக் கல்லூரிகள் தமக்குள் ஒரு சம்பியன் போட்டியை நடத்தத் தலைப்பட்டன. நெடுங்காலம் அஃது ஒற்றையரும் இரட்டையரும் தனித்தனியே பொருதும் போட்டியாகவே இருந்தது. அணிக்குரிய பட்டமும் அப்போட்டியின் வழியாகவே தீர்மானிக்கப்பட்டது. ஒரு கல்லூரியின் வீரர் சிலர் எத்தனை சுற்றுக்கள் முன்னேறினரோ அதற்கேற்பக் கல்லூரிக்குப் புள்ளிகள் சேர்ந்தன. இம்முறையில் மிகச் சிறந்த இருவரோ மூவரோ இருந்தாற் போதும். கல்லூரி வாகை சூடலாம். 1977இல் இம்முறை மாறிற்று. அன்று தொட்டு அணிகள் அணிகளோடு நேராகவே மோதின. ஒவ்வோர் அணியிலும் அறுவர் ஒற்றையர் ஆட்டம் ஆடுவர். மூன்று இணைகள் இரட்டையர் ஆட்டம் ஆடும். முன்னர் இவ்வொன்பது ஆட்டங்களும் ஒன்பது புள்ளிகளாயின. 1990களில் இரட்டையர் ஆட்டங்கள் மூன்றுக்குமாகச் சேர்த்து ஒரு புள்ளி என வகுக்கப்பட, மொத்தப் புள்ளிகள் ஏழாயின. நான்கு பெற்ற அணி வென்றதாகும்.

இவ்விதியிலே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு அணிகளின் முதலாம் ஆட்டக்காரரும் தம்முள் மோதுவர்; இரண்டாமவரோடு இரண்டாமவர்; இவ்வாறே ஆறாமவரோடு ஆறாமவர். முதலாம் ஆட்டக்காரன் நாடறிந்த வீரனாயிருக்கலாம். ஆயிரவர் சூழ்ந்து நின்று அவன் ஆட்டத்தைக் காணலாம். ஆறாமவன் ஓரத்து ஆடுகளத்திலே, நண்பர் இருவர் பார்த்திருக்க, வியர்த்து ஆடிக்கொண்டிருப்பான். ஆயினும் கணக்கிலே அவன் பெறும் புள்ளியும் இவன் பெறும் புள்ளியும் ஒரே நிறையுடையன. துரோணாசாரியருக்கு அருச்சுனன் ஒருவன் போதியவனாயினான். மரத்திலிருந்த பறவையின் கண்ணையன்றிப் பிறிதொன்றையும் காணாத அம்மாணாக்கனை ஒப்பாரில்லாதவனாக்கும் பொருட்டு ஏகலைவனின் கட்டைவிரலையும் கேட்டுப் பெற்ற ஆசான் அவர். கல்லூரி ரெனிஸ் பயிற்றுநர் துரோணரின் வழியைப் பின்பற்றுவாராயின் அவரது அணி ஒரேயொரு புள்ளியோடு வீடு திரும்பும். ஆறாவது மாணாக்கனிடத்தும் அருச்சுனனிடத்துக் காட்டும் கருத்தைக் காட்டுதலே அவரது தொழிலின் உயிர்நிலை. கூல்ட் அவர்களின் முப்பத்தெட்டாண்டுப் பணியை இக்கண்கொண்டு நோக்கினாலன்றி அதன் பொருள் புலப்படாது.

அவர் ஸ்ரான்போர்ட்டிலேயே 1950களின் பிற்பகுதியிற் கற்று, அப்பல்கலைக்கழக அணியில் ஆடியவர். கல்வியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றவர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆட்டத்திலே உலகப் புகழ் பெற்றுப் பின் பயிற்றுநரானவர் அல்லர் அவர். ஆசிரியத் தொழிலுக்கெனப் பயின்று ஆட்டத்தைத் தம் பாடமாகக் கொண்டவர். உயர்நிலைப் பள்ளியிலே கற்பித்து, பின்னர் ஃபுட்ஹில் என்னும் இளநிலைக் கல்லூரியின் அணியைப் பயிற்றி, 1966இல் தாம் கற்ற கூடத்துக்கே மீண்டார். அதற்கு முன்னரே, 1964இல், தொடக்க நிலை மாணவர்க்கென ரெனிஸ் பாடநூல் ஒன்றை அவர் எழுதி வெளியிட்டிருந்தார். அந்நூல் பின்னர்ப் பல பதிப்புக்களைக் கண்டது. மட்டையை முதன்முதலிற் கையிலெடுப்பவனுக்கு எவ்வாறு சொல்லிக்கொடுப்பது என்று எண்ணிப் பார்த்த ஒருவரே பின்னாளில் உலக வீரர்க்கும் ஆசானாயினார். கீழ்வகுப்பிலே கற்பித்துப் பழகியவர் மேல்வகுப்பிலே தடுமாறுதல் அரிது என்பதை ஆசிரியர் பலர் தம் அநுபவத்தால் அறிவர்.

அவர் பொறுப்பேற்ற வேளையிற் கல்லூரி ரெனிஸ் என்பது லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இரு பல்கலைக்கழகங்களின் தனியுடைமையாயிருந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகம் மற்றையது. 1960 முதல் 1971 வரை பன்னிரண்டு ஆண்டுகளும் அணிப் பட்டம் இவ்விரண்டையும் விட்டு வெளியே செல்லவில்லை. ஆதர் ஆஷ் 1965இல் இரண்டாவதன் மாணவராகவும், ஸ்ரான் ஸ்மித் 1968இல் முதலாவதன் மாணவராகவும் ஒற்றையர் பட்டம் வென்றனர். 1971இல் வென்ற ஜிமி கொனர்சும் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் மாணவரே. ஸ்ரான்போர்ட்டோ அந்நகருக்கு வடக்கே ஏறக்குறைய 350 மைல் தொலைவிலுள்ளது. கல்வித் தகைமையிற் கண்டிப்பு மிக்கது. நல்ல ஆட்டக்காரன் என்ற ஒன்றைக்கொண்டு மட்டும் அதன் வாயிலைக் கடத்தல் இயலாது. ஆகவே கூல்ட் தேடிய மாணவன் இரு தேர்வுகளிலே தேறவேண்டியவனாயினான்.

முதற் பட்டத்துக்கு அவர் ஏழாண்டு காத்திருந்தார். அக்காலத்தை அவர் எவ்வாறு கழித்தார் என்பதே அறியத்தக்கது. மாணவரைத் தேடினார், புலமைப்பரிசில்களுக்குப் பொருள் திரட்டினார், ஆட்டத்தைக் காண மக்களை வரவழைத்தார். பின்னாளில் லொஸ் ஏஞ்சலிஸ் அணிகளோடு நிகழ்ந்த பெரும் போட்டிகளைக் கூடைப்பந்தாட்ட மண்டபத்திலே இரவு வேளையில் நடத்தி, ஆயிரக்கணக்கானோரை அங்கே திரட்டியவரும் அவரே. பந்தடிக்கச் சொல்லிக்கொடுத்தல் பயிற்றுநரின் வேலையிற் பாதியும் ஆகாது என்பது இதனாற் புலனாகின்றது. ரெனசி மாநிலத்திலிருந்து றொஸ்கோ ரானர் என்னும் இளைஞர் ஸ்ரான்போர்ட்டுக்கு வந்தமை பெருந் திருப்பமாயிற்று. மின்னலென விழும் தொடக்க அடியை உடையவர் அவர். நாட்டின் மறுகோடியிலிருந்து அத்தகைய ஒருவர் வந்து சேர்ந்தமை கண்டு பிறரும் வரலாயினர். அவருள் ஒருவர் சாண்டி மேயர். 1972இல் ரானரும் மேயரும் இணைந்து தேசிய இரட்டையர் பட்டத்தை வென்றனர். 1973இல் மேயர் ஒற்றையர் பட்டத்தைப் பெற, அணிப் பட்டமும் முதன்முறையாக ஸ்ரான்போர்ட்டுக்கு வந்தது. அவ்வாண்டே மேயர் விம்பிள்டனில் அரையிறுதி வரை சென்றார். ரானர் 1977 தை மாதத்தில் அவுஸ்திரேலியப் பட்டத்தை வென்று, 1979இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் போர்க் என்பாரோடு ஐந்து செற்கள் பொருதார். 1974இல் ஜோன் விற்லிங்கர் ஒற்றையர் பட்டத்தையும் அணி மீண்டும் தன் பட்டத்தையும் பெற்றன.

கூல்ட் கற்பித்த ஆட்டம் எத்தகையது? தொடக்க அடியை வலிதாக அடித்து, உடனே வலையை நோக்கி ஓடி, எதிரி திருப்பும் பந்து நிலந்தொடு முன்னரே அதனை அடித்து முடித்தல். பின்கோட்டிலே நின்று பொறுமையாகத் திருப்பித் திருப்பி அனுப்புதலை அவர் மாணவர் மிகுதியாக நாடவில்லை. ரானர், மக்கென்றோ, ரிம் மயோற், பிறையன் சகோதரர் ஆகிய அனைவரும் வலையை நோக்கிச் சென்றவரே. இவ்வாறு ஆடுபவன் தொடக்கத்திலே பல புள்ளிகளை இழப்பான். இளமையிற் சிறுவர் போட்டிகளில் தோற்கவும் தோற்பான். தோல்விக்கு அஞ்சாது சில ஆண்டுகள் பொறுத்திருக்கும் மாணவனும் ஆசானும் ஒருங்கே வாய்த்தாலன்றி இவ்வாட்டம் கைகூடாது.

இனி, 1977ஆம் ஆண்டில் விதி மாறியமை கூல்ட் அவர்களின் தொழிலைச் சோதித்தது எனலாம். சிறந்த சிலரைக்கொண்டு இரு பட்டங்களை வென்றவர், இப்பொழுது அறுவரைக்கொண்டு வெல்லுதல் வேண்டும். மாற்றம் நிகழ்ந்த அவ்வாண்டே அவர் அணி வென்றது. எஞ்சிய பதினைந்து பட்டங்களும் புதிய முறையிலே பெற்றனவே.

அக்காலத்தே வந்து சேர்ந்தவர் ஜோன் மக்கென்றோ. 1977 ஆனி, ஆடி மாதங்களில், பதினெட்டு வயது இளைஞராய், தகுதிச் சுற்றிலிருந்து ஆடி விம்பிள்டன் அரையிறுதியை எட்டியவர் அவர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மாணவராக ஸ்ரான்போர்ட்டிற் சேர்ந்தார். உலக அரங்கிலே நின்று வந்த ஒருவனுக்குக் கல்லூரிப் பயிற்றுநர் எதனைக் கற்பிப்பார் என்று கேட்டல் இயல்பு. அவன் மட்டை பிடிக்கும் முறையையும் பந்தை வீசும் முறையையும் திருத்த முனைந்தால் இருக்கின்றதும் கெடும். அதே அணியில் 1977ஆம் ஆண்டு ஒற்றையர் சம்பியனாகிய மத் மிச்சலும் இருந்தார். 1978இல் மக்கென்றோ இறுதியாட்டத்தில் வட கரொலைனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜோன் சாட்ரியை வென்று அப்பட்டத்தைப் பெற்றார். அணியும் வென்றது. சம்பியன்கள் இருவரும், அவரோடு பட்டம் எதுவும் பெறாத பிறரும் ஒரே பயிற்சியில் ஒரே ஒழுங்கில் ஓராண்டைக் கழித்தனர் என்பதே பயிற்றுநரின் திறனைக் காட்டும்.

ஓராண்டிலே மக்கென்றோ தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார். நன்னூலார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றையும், ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பவற்றையும் உவமையாக்கினர். ஒருவர் நீர்வார்க்க வேறொருவர் வளவிலே காயுதிர்க்கும் முடத்தெங்கு இக்கால விளையாட்டுத் துறையில் ஆசிரியரை விட்டு மாணவர்க்குப் பொருந்துவதாயிற்றுப் போலும்! 1968க்கு முன்னர்ப் பெரும் போட்டிகளிலே பணம் பெறாத ஆட்டக்காரர் மட்டுமே ஆடுவர். ஆதலின் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இருத்தல் ஆட்டக்காரனுக்கு நட்டமாகாது. அவ்வாண்டில் அப்போட்டிகள் தொழில்முறையாளருக்கும் திறக்கப்பட்டபின் பரிசுப் பணம் பெருகிற்று. இருபது வயதுக்கு முன்னரே கல்லூரியை விட்டு நீங்கும் ஆசையும் பெருகிற்று. கூல்ட் அவர்களின் பணிக்காலம் ஏறக்குறைய முழுவதும் இக்காற்றுக்கு எதிராகவே நிகழ்ந்தது. மக்கென்றோ நீங்கிய அடுத்த ஆண்டு பட்டம் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்குச் சென்றது. அதற்கடுத்த 1980, 1981 ஆகிய ஈராண்டும் ஸ்ரான்போர்ட் மீண்டும் வென்றது. அருச்சுனன் சென்றபின்னும் கூடம் வெறிச்சோடவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் வழியையும் ஒப்புநோக்குதல் தகும். தமிழர் நடுவே ரெனிஸ் ஆட்டத்தின் பெருமை ஒரு குடும்பத்தின் வழியாக வந்தது. டி. கே. இராமநாதன் தம் மகன் இராமநாதன் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசானாயிருந்தார். 1951இல், இன்னும் பள்ளிச் சிறுவனாயிருந்த கிருஷ்ணன், சென்னை இலயோலாக் கல்லூரி அதிபரின் தனி அநுமதி பெற்று, கல்லூரி மாணவர்க்குரிய பேர்ட்ரம் கிண்ணப் போட்டியில் ஆடி வென்றார். அக்கல்லூரியின் முதல் அதிபர் பெயரால் வழங்குவது அப்போட்டி. 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டம், 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் அரையிறுதி, 1966இல் டேவிஸ் கிண்ண இறுதிச் சுற்றில் அவுஸ்திரேலியாவோடு மோதிய இந்திய அணியில் இடம் எனக் கிருஷ்ணன் உயர்ந்தார். அவர் மகன் இரமேஷ் 1979இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார். பாட்டனும் தந்தையும் மகனுமாக மூன்று தலைமுறை. இசையிலும் நடனத்திலும் நம் முன்னோர் போற்றிய குருகுல முறையின் நிழல் இங்கே தெரிகின்றது.

அமெரிக்கர் தந்தைவழிப் பயிற்சியை அறியாதவர் என்று கொள்ளுதல் தவறு. சாண்டி மேயரும், அவரைப் போலவே ஸ்ரான்போர்ட்டிற் பயின்ற தம்பி ஜீன் மேயரும் தந்தையிடமே முதற்பாடம் கற்றனர். பிறையன் இரட்டையரின் பெற்றோர் இருவருமே ரெனிஸ் பயிற்றுநர். ஆகவே கல்லூரிக்கு வரும் இளைஞன் பெரும்பாலும் வீட்டிலே செய்து முடிக்கப்பட்டவனாகவே வருகின்றான். தன் ஊரிலே அவனே முதல்வன். தாய் தந்தையர் கண்ணுக்கு அவன் ஒருவனே ஆட்டக்காரன். அத்தகையோர் பத்துப் பேர் ஒரு முற்றத்திலே கூடுகின்றபோது ஒருவன் ஆறாமவனாகின்றான். ஏழாமவன் ஆட இடமின்றி நிற்கின்றான். தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தான் முதல்வனல்லன் என்று அறியும் பதினெட்டு வயது இளைஞனை, மனமுடையாது, அழுக்காறு கொள்ளாது, மறுநாட் காலையும் பயிற்சிக்கு வரச்செய்தல் எளிதன்று. எந்தத் தந்தையும் தன் மகனுக்கு அப்பாடத்தைக் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. கிருஷ்ணன் போன்ற மேதையை வீடு உருவாக்கலாம். ஆறாவது ஆட்டக்காரனை வீடு உருவாக்காது.

அணியில் யார் முதலாமவன், யார் ஆறாமவன் என வரிசைப்படுத்துதலும் பயிற்றுநரின் கடமையே. வலிமை வரிசைப்படியே பெயர்களைத் தருதல் வேண்டும். வலியவனைக் கீழே இறக்கி எளிய புள்ளி பெற முயலுதல் விதிக்கு மாறானது. ஐந்தாமவனுக்கும் ஆறாமவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூலிழை அளவாயிருக்கும். ஆறாமவனுக்கும் ஏழாமவனுக்கும் இடையிலும் அவ்வாறே. ஆனால் ஏழாமவன் ஒற்றையர் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியவன். நன்னூலார் கூறிய நிறைகோல் இங்கேதான் வேண்டப்படுகின்றது. ஐயந்தீர்த்தலும் நடுவுநிலையும் நிறைகோலின் இயல்பு. தட்டு ஒரு முறை கோணினாலும் முற்றத்திலுள்ளோர் எல்லாரும் அதனைக் காண்பர்.

அணியின் வலிமை முதல்வனைப் பொறுத்ததன்று என்பதற்குச் சென்னையோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. சென்னையிற் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலே பயின்று, 2007, 2008 ஆகிய ஈராண்டும் தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்து ஜோன் இஸ்னர். ஆனால் அவ்வாண்டின் அணிப் பட்டம் ஜோர்ஜியாவுக்கே சென்றது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. நாட்டின் முதல் ஆட்டக்காரன் ஈராண்டு தன்னிடமிருந்தும் வெர்ஜீனியா அப்பட்டத்தைக் காணவில்லை. சோம்தேவ் நீங்கி ஐந்தாண்டுகளின் பின், 2013இல், பயிற்றுநர் பிறையன் போலண்ட் காலத்திலே முதன்முறையாக அதனை வென்று, 2015, 2016, 2017 ஆகிய மூவாண்டும் தொடர்ந்து பெற்றது. சோம்தேவின் பெருமைக்கு இதனாற் குறைவில்லை; 2010இல் பொதுநலவாய விளையாட்டிலும் ஆசிய விளையாட்டிலும் ஒற்றையர் தங்கம் வென்றவர் அவர்.

கூல்ட் வென்ற ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறோர் உண்மையும் வெளிப்படும். 1973, 1974, 1977, 1978, 1980, 1981, 1983, 1986, 1988, 1989, 1990, 1992, பின் 1995 முதல் 1998 வரை நான்கும், இறுதியாக 2000. இவற்றிலே பட்டமின்றித் தொடர்ந்து கழிந்த ஆண்டுகள் எங்கும் இரண்டுக்கு மேற் செல்லவில்லை. ஓர் இளைஞன் ஸ்ரான்போர்ட்டிலே தன் பட்டப்படிப்பின் நான்காண்டையும் நிறைவு செய்திருப்பானாயின், இவ்விருபத்தெட்டாண்டு எல்லைக்குள் அவன் எவ்வாண்டிற் சேர்ந்திருப்பினும், தன் அணி ஒரு முறையேனும் நாட்டின் முதலணியானதைக் கண்டே வெளியேறியிருப்பான். அணியில் இடம் பெற்ற நாளும் பெறாத நாளும் அவன் உழைப்பு வீண்போகவில்லை. பதினேழு என்னும் எண்ணினும் இது பெரிதெனத் தோன்றுகின்றது. ஏனெனில் பதினேழு ஆசானின் கணக்கு, இஃது ஒவ்வொரு மாணவனின் கணக்கு. 1980களிலும் 1990களிலும் பத்தாண்டின் சிறந்த பயிற்றுநர் என அமெரிக்கக் கல்லூரி ரெனிஸ் சங்கத்தார் இருமுறை அவரைத் தேர்ந்தமை இவ்வரிசையைக் கண்டே போலும்.

கூல்ட் அவர்களின் மனைவியார் ஆன் கூல்டும் 1970களின் பிற்பகுதியில் அதே பல்கலைக்கழகத்து மகளிர் அணியைப் பயிற்றியவர் என்பதைக் கூறாது விடுதல் முறையன்று. 1978இல் மகளிர் அணியும் தன் தேசியப் பட்டத்தை வென்றது. மக்கென்றோ பெயரே ஊரெங்கும் ஒலித்த ஆண்டில் ஒரே வீட்டுக்கு இரு பட்டங்கள் வந்தன. அதனை அறிந்தோர் சிலரே.

அவர் அணிகளுள் உச்சம் எனக் கூறப்படுவது 1998ஆம் ஆண்டின் அணி. 28 போட்டிகளில் ஆடி 28இலும் அது வென்றது. வெற்றியினும் வியப்பானது தோல்வியின் அளவு. ஆண்டு முழுவதிலும் அவ்வணி எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகள் மூன்றே. ஒரு போட்டிக்கு ஏழு புள்ளிகள் உள்ள முறையிலே, முதலிருவர் எத்துணை வல்லவராயினும் இக்கணக்கை அவரால் உண்டாக்கல் இயலாது. ஐந்தாம் ஆறாம் ஆடுகளங்களிலே, பத்திரிகையாளர் எட்டிப் பாராத இடத்திலே, வாரந்தோறும் வென்றுகொண்டிருந்தோரின் கணக்கு அது. அவ்வணியில் இரட்டைப் பிறவியரான பொப் பிறையனும் மைக் பிறையனும் இருந்தனர். அவ்வாண்டு பொப் பிறையன் ஒற்றையர், இரட்டையர், அணி ஆகிய மூன்று பட்டங்களையும் பெற்றார். 1992இல் அலெக்ஸ் ஓப்ரையன் செய்ததும் அதுவே. ஈராண்டு மட்டுமே கற்று நீங்கிய இச்சகோதரர் பின்னர் உலகப் பெரும் போட்டிகளில் இணைந்து 16 இரட்டையர் பட்டங்களை வென்றனர். 2012 ஒலிம்பிக் தங்கமும் பெற்றனர்.

2004இல் கூல்ட் பயிற்றுநர் பதவியினின்றும் விலகினார். பல்கலைக்கழகத்து ரெனிஸ் துறையின் பணிப்பாளராக அதன்பின்னும் பல்லாண்டு அங்கே இருந்தார். அவர் இடத்துக்கு வெளியிலிருந்து எவரும் வரவழைக்கப்படவில்லை. 1974இல் ஒற்றையர் பட்டம் வென்று, பின் நெடுங்காலம் அவருக்குத் துணைப் பயிற்றுநராயிருந்த ஜோன் விற்லிங்கர் பொறுப்பேற்றார். விற்லிங்கருக்குப் பின் 2014இல் வந்தவர் போல் கோல்ட்ஸ்ரீன். 1995 முதல் 1998 வரை நான்காண்டும் படித்து, நான்கு அணிப் பட்டங்களிலும் பங்குகொண்ட மாணவர் அவர். 1998ஆம் ஆண்டின் தேசிய ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஸ்ரான்போர்ட் மாணவர் இருவரே எதிரெதிரே நின்றனர். பொப் பிறையன் வென்று தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். அன்று தோற்றவர் கோல்ட்ஸ்ரீன்.